பாசிமணியும் ஒரு பாடமே

பாசிமணி ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதற்கு மதிப்பேதும் தெரிவதில்லை. கை தவறித் தரையில் விழுந்தால் குனிந்து தேடவும் மாட்டோம். அதே மணிகள் நூறு ஒரு நூலில் முறையாகக் கோக்கப்பட்டால் கண்ணைக் கவரும் மாலையாகி விடுகின்றன. இவ்வளவு எளிய கைப்பணியைப் பற்றி ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். எழுத நிரம்ப இருக்கிறது. கேட்கவும் ஒன்று இருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரை கைப்பணிப் பாடவேளை ஒழுங்காக நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அது மெல்ல மெலிகிறது. பத்தாம் வகுப்பில் அட்டவணையில் மட்டும் நிற்கிறது. அந்த நேரத்தில் கணக்கோ அறிவியலோ நடக்கிறது. அரசுத் தேர்வு வருகிறதே என்ற கவலையால் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. அந்த ஒரு பாடவேளை எங்களுக்கு வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏன் வேண்டும் என்பதைப் பாசிமணியையே சான்றாகக் கொண்டு சொல்ல விழைகிறோம்.

மணியின் வயது

மணி கோப்பது பொழுதுபோக்கு என்று சொல்வோர், நம் மண்ணின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அங்கு 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ரோம நாட்டுடன் நடந்த வாணிகத்தின் சான்றுகள் வெளிப்பட்டன. அவ்வூரின் இன்னொரு பெருமை அங்குக் கிடைத்த கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியை உள்ளே துளையிருக்கும்படி நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, கூர்முனை மழுங்க மறுபடியும் சூடேற்றி அவற்றைச் செய்திருக்கிறார்கள். இவ்வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைத்துள்ளன. மணிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். அவற்றைச் செய்த இடங்களுள் அரிக்கமேடு முதன்மையான ஒன்று. இம்முறையை ஒத்த தொழில் காளஹஸ்திக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இவ்வூரே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழாய்வு செய்தனர். பெரில், படிகம், சூதுபவளம் முதலிய கற்களால் ஆன மணிகளோடு, பாதி செய்து விடப்பட்ட மணிகளும் கிடைத்தன. ஆகவே அது மணிகளை வாங்கி அணிந்த ஊர் மட்டுமன்று, மணிகளைச் செய்த ஊரும் ஆகும். 2015 முதல் அகழப்பட்டு வரும் கீழடியிலும் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன.

வரலாற்றுப் பாடத்தில் இவ்வூர்களின் பெயர்களை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறோம். இரண்டு மில்லிமீட்டர் மணியை விரல் நுனியில் பிடித்து நூலில் ஏற்றிப் பார்த்தவளுக்கோ, அந்த மணியில் துளையிட்ட கை எத்தகைய கை என்று புரியும். அவளுக்கு அரிக்கமேடு மறக்காது.

பூச்சங்கிலி ஒன்று

மணி பின்னுவதில் பல வகைகள் உண்டு. தொடக்கத்தில் கற்க ஏற்றது பூச்சங்கிலி. இதைப் படிக்கும் தங்கையர் வீட்டில் செய்து பார்ப்பதற்காக முறையைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

மணிகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மணி சிறிதாகும். பதினொன்றாம் எண் மணி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். எட்டாம் எண் மணி ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். புதிதாகக் கற்போர் எட்டாம் எண்ணில் தொடங்குவது நல்லது. தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய தங்கூஸ் நரம்பு ஒரு மீட்டர் போதும். அது விறைப்பாக இருப்பதால் ஊசி தேவையில்லை. ஒரு தட்டில் பழைய துண்டை விரித்து அதன்மேல் மணிகளைக் கொட்டிக்கொண்டால் உருண்டோடா. கோணலான மணிகளையும் துளை அடைத்த மணிகளையும் முதலிலேயே பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும்.

நரம்பின் ஒரு முனையில் கொக்கி வளையத்தைக் கட்டி, இரண்டு பச்சை மணிகளைக் கோக்கவும். பிறகு ஆறு வெள்ளை மணிகளைக் கோத்து, நரம்பின் நுனியை முதல் வெள்ளை மணிக்குள் முன்பு சென்ற திசையிலேயே மறுபடியும் நுழைத்து இழுத்தால் ஆறும் வட்டமாகக் கூடும். இப்போது ஒரு மஞ்சள் மணியைக் கோத்து, முதல் மணிக்கு நேர் எதிரே இருக்கும் நான்காவது வெள்ளை மணிக்குள், ஐந்தாம் மணியின் பக்கமிருந்து மூன்றாம் மணியின் பக்கமாக நுனியை விட்டு இழுக்கவும். மஞ்சள் மணி வட்டத்தின் நடுவில் வந்து அமர்ந்துகொள்ளும். பூ ஒன்று முடிந்தது. மீண்டும் இரண்டு பச்சை மணிகள், மீண்டும் ஒரு பூ. இப்படியே சங்கிலி நீளும்.

கைக்குக் கட்டும் சங்கிலிக்குப் பன்னிரண்டு பூக்கள் போதும். கடைசிப் பூவுக்குப் பின் இரண்டு பச்சை மணிகளைக் கோத்துக் கொக்கியைக் கட்ட வேண்டும். தங்கூஸில் ஒற்றை முடிச்சு நில்லாமல் நழுவும். முடிச்சின் முதல் சுற்றை இருமுறை சுற்றி இறுக்கி, மிஞ்சிய முனையை நாலைந்து மணிகளுக்குள் திருப்பி நுழைத்த பிறகே வெட்ட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து செய்வதும், அவ்வப்போது கண்ணை எடுத்துத் தொலைவில் பார்ப்பதும், மணிகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் அவசியம்.

இதில் எல்லாம் இழுப்பில் இருக்கிறது. தளர்வாக இழுத்தால் நடுமணி உள்ளே சரியும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் சங்கிலி கொடிபோல் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைச் சொல்லால் விளக்க முடியாது. ஏழெட்டுப் பூக்கள் கட்டிய பிறகு விரல் தானே அறிந்துகொள்ளும். ஒரு மணி தவறினால் பின்னே போய் அவிழ்க்க வேண்டும், வேறு வழியில்லை. அங்குச் சாக்குப்போக்கு எடுபடாது.

கணக்கும் இங்கே உண்டு

‘மணி கோத்தால் மதிப்பெண் வருமா?’ என்று பெற்றோர் கேட்கலாம். அவர்கள் கவலை நியாயமானது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் தந்தைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. ஆகவே கணக்காகவே பதில் சொல்கிறோம்.

ஒரு வாரத்தில் நாற்பது பாடவேளைகள். நாங்கள் கேட்பது அவற்றுள் ஒன்று. மற்ற முப்பத்தொன்பதில் கற்க முடியாததை அந்த ஒன்றைப் பிடுங்கிக் கற்றுவிட முடியுமா?

மேலும் அந்த ஒன்றிலும் கணக்கு இல்லாமல் இல்லை. பூவின் நடுவில் வைக்கும் மஞ்சள் மணி சுற்றியிருக்கும் ஆறு மணிகளின் அளவே ஏன் சரியாகப் பொருந்துகிறது? ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள வட்டங்களை இடைவெளியின்றி அடுக்கினால் ஆறு மட்டுமே அமரும் என்பது வடிவியல். ஒரு ரூபாய் நாணயங்கள் ஏழினைக் கொண்டு யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தேன்கூட்டின் அறைகளும் இப்படியே அமைந்துள்ளன.

ஐந்தைந்து மணிகளாக வளையமிட்டு, பக்கத்து வளையங்கள் ஒரு மணியைப் பங்கிட்டுக்கொள்ளும்படி பின்னிக்கொண்டே போனால் ஓர் அழகிய பந்து கிடைக்கும். வளையங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து மணிகள். ஆனால் ஒவ்வொரு மணியும் இரண்டு வளையங்களுக்குப் பொது. ஆகவே அறுபது வேண்டாம், முப்பது போதும். மூன்று மணிகள் கூடும் மூலைகள் இருபது. பன்னிரண்டையும் இருபதையும் கூட்டி முப்பதைக் கழித்தால் இரண்டு. கனசதுரத்திலும் அப்படியே: முகங்கள் ஆறு, மூலைகள் எட்டு, விளிம்புகள் பன்னிரண்டு, விடை இரண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை எடுத்துரைத்த உண்மை இது. கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி வரும் இந்தப் பாடம், சாவிக்கொத்தில் தொங்கும் மணிப்பந்தாக வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

கைத்தொழில் கல்வியைக் கெடுக்கும் என்று நம் நாட்டுப் பெரியோர் எண்ணியதில்லை. 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவில் வைத்தே பிற பாடங்களைக் கற்பிக்கச் சொன்னது. 1977இல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு, சமுதாயத்திற்குப் பயன்படும் ஆக்கவேலையைப் பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியாக்கப் பரிந்துரைத்தது. அவர்கள் சொன்னதில் ஒரு சிறு பங்கையே நாங்கள் கேட்கிறோம்.

பொன்னும் பாசியும்

மற்றொரு மறுப்பும் உண்டு. அணிகலன் செய்யக் கற்பது பெண் பிள்ளைகளுக்கு அலங்கார ஆசையை வளர்க்காதா என்று சில பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். மதிப்புடன் வேறுபடுகிறோம். எங்கள் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது.

எங்கள் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறோம். சீருடை அணிந்த நாட்களில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வண்ண உடை அணியும் நாள் வந்தால்தான் வேறுபாடு வெளிப்படும். ஒருத்தி கழுத்தில் சங்கிலி. ஒருத்தி கழுத்து வெறுமை. கட்டணம் கட்டும் மாதத்தில் அம்மாவின் வளையல் எந்தக் கடைக்குப் போகிறது என்பதை எங்களில் பலர் அறிவோம். வரதட்சணையைத் தடுக்க 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பெண் பார்க்க வரும் வீடுகளில் சவரன் கணக்கு நின்றபாடில்லை. பெண்ணின் மதிப்பை நிறுத்துப் பார்க்கும் தராசு பொன் தராசாகவே இருக்கிறது.

பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி வழங்குகிறது. வசதியில்லாதவர் தாழ்ந்த குரலில் சொல்லும் சொல் அது. தன் கையால் செய்த பூச்சங்கிலியை அணிந்தவளுக்குத் தாழ்ந்த குரல் தேவையில்லை. ‘எங்கே வாங்கினாய்?’ என்று தோழி கேட்கும்போது, ‘நானே செய்தேன்’ என்று அவள் நிமிர்ந்து சொல்லலாம். தங்கச் சங்கிலி அணிந்தவளும், ‘எனக்கும் ஒன்று கற்றுக்கொடு’ என்று அவளருகே வந்து அமர்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த வேளையில் யார் ஆசிரியை, யார் மாணவி என்பதைத் தீர்மானிப்பது கைத்திறனே. இதனை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

அன்றியும், மணி அழகுக்கு மட்டும் ஆனதில்லை. பிறந்த குழந்தையின் கையில் கட்டும் கருமணியும், இஸ்லாமியத் தோழியரின் இல்லங்களில் மணநாளில் அணிவிக்கும் கருகமணியும் அன்பின் அடையாளங்கள். நம் கையிலுள்ள செபமாலையையும் எண்ணிப் பார்ப்போம். அருள் நிறைந்த மந்திரத்துக்கு ஐம்பத்து மூன்று மணிகள், கர்த்தர் கற்பித்த செபத்துக்கு ஆறு மணிகள், ஆக ஐம்பத்தொன்பது. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்ற சொல்லே பழங்காலத்தில் செபத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். அறுந்த செபமாலையைக் கடையில் கொடுத்து மாற்றாமல், தானே கோத்துப் பாட்டியின் கையில் கொடுக்கும் பேத்தியைப் பாட்டி என்ன சொல்லி வாழ்த்துவாள் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பேரம் பேசும் நாவு

எங்கள் கருத்தில் முதன்மையான காரணத்தை இறுதியில் சொல்கிறோம்.

கைச்சங்கிலி ஒன்றுக்கு எத்தனை மணிகள்? பன்னிரண்டு பூக்களுக்கு எண்பத்து நான்கு. பதினோர் இடைவெளிகளிலும் இரு முனைகளிலும் இரண்டிரண்டு பச்சை மணிகள் இருபத்தாறு. ஆக நூற்றுப் பத்து. பழகாத கைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மணி, நரம்பு, கொக்கி எல்லாம் சேர்த்துப் பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ரூபாய்க்கு விற்றால் மிச்சம் பதினைந்து. ஒரு மணி நேர உழைப்புக்கு ஏழரை ரூபாய். வாங்குபவர் பேரம் பேசி இருபது ரூபாயாக்கினால் மணிக்கு இரண்டரை ரூபாய். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட அன்று வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஏனெனில் பேரம் பேசாதவர் எங்களில் எவருமில்லை. பேருந்து நிலையத்திலும், கடற்கரையிலும், செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழா போன்ற பெருவிழாக்களிலும் பாசிமாலை விற்கும் நரிக்குறவப் பெண்களைக் காண்கிறோம். கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, கண் நிமிராமல் அவர்கள் மணி கோக்கும் வேகத்துக்கு நம் வகுப்பில் யாரும் ஈடில்லை. தங்களுக்குள் வாக்ரிபோலி என்ற மொழியில் பேசும் அவர்கள், நம்மிடம் தமிழில் விலை சொல்கிறார்கள். நாம் பாதி விலைக்குக் கேட்கிறோம். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, தரையில் அமர்ந்திருப்பவரிடம் ஐந்து ரூபாய்க்காக வாதாடுகிறோம்.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தாரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. பல்லாண்டுக் கோரிக்கை அது. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. வீதியில் அவர்களுக்குத் தர வேண்டிய மதிப்பை நாம்தான் தர வேண்டும். அதைப் போதனையால் மட்டும் கற்றுக்கொடுக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு சங்கிலியை முதல் முடிச்சு முதல் கடைசி முடிச்சு வரை தானே கட்டியவளின் நாவில் பேரம் வருவது கடினம். ‘அக்கா, இந்த முடிச்சை எப்படிப் போட்டீர்கள்?’ என்று கேட்கத்தான் தோன்றும்.

இதனால் மணி கோத்தே எல்லோரும் பிழைத்துவிடலாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் செய்த பிளாஸ்டிக் மாலைகள் மலிவாகக் குவிகின்றன. மேலே சொன்ன ஏழரை ரூபாய்க் கணக்கே அதற்குச் சான்று. ஒரு பொருளின் விலையில் உழைப்பின் பங்கு எவ்வளவு என்று அறிவது ஒரு கல்வி. அந்தக் கல்வியையே கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் நாங்கள் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள் இது. பத்தாம் வகுப்பு வரையிலும் அதற்கு மேலும் வாரத்தில் ஒரு கைப்பணிப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடாமல் காத்துத் தாருங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். அந்தப் பாடவேளையில் கோப்பதோடு கொள்முதல் கணக்கு, விலை, கூலி ஆகியவற்றையும் கற்றுத் தாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மணித் தொழில் செய்யும் ஒரு பெண்மணியை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, எங்களுக்கு ஆசிரியையாக அமர்த்துங்கள். விழா மேடைக்கு அழைப்பதைவிட வகுப்பறைக்கு அழைப்பது பெரிய மரியாதை.

பெற்றோர்களே! உங்கள் மகள் மணித்தட்டோடு அமர்ந்திருக்கும்போது, ‘படிக்காமல் என்ன விளையாட்டு?’ என்று கடியாதீர்கள். அருகில் அமர்ந்து ஒரு பூவைக் கட்டிப் பாருங்கள். தம்பியையும் அழைத்து அமர்த்துங்கள். இது பெண் பிள்ளைகளின் வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பாப்பாநாயுடுபேட்டையின் உலைகளில் கண்ணாடியை இழுத்த கைகள் ஆண்களின் கைகளே.

தங்கையரே! முதல் பூ கோணலாக வரும். இரண்டாவதும் கோணலாகத்தான் வரும். அதற்காகத் தட்டை மூடிவிடாதீர்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மணிமேல் மணி வைத்தால் மாலை நீளும். அடுத்த முறை பேருந்து நிலையத்தில் பாசிமாலை வாங்கும்போது, சொன்ன விலையைச் சிரித்த முகத்தோடு கொடுங்கள். அந்த மாலையில் எத்தனை மணிகள் என்று உங்களுக்குத் தெரியும்.

— கைப்பணிக் குழு மாணவியர்